ஞாயிறு காலை எங்கே போவது: கோல்ஃப் திடலுக்கா, பட்மிண்டன் அரங்குக்கா, கழகக் கூட்டத்துக்கா?

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் வேலை செய்யும் ஒன்பது பெண்கள் நாங்கள். வங்கியில் இருவர், காப்புறுதியில் நான், ஒரு சட்டத்தரணி, இரண்டு ஆசிரியைகள், உரமும் மரக்கறி விதையும் விற்கும் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, நாலு அறையோடு விருந்தினர் விடுதி நடத்தும் ஒருத்தி, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் ஒரு தங்கச்சி. மூன்று வருடமாகச் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறோம். இந்த முறை சீட்டுக் காசில் ஒரு பங்கை ஒதுக்கி, தொழிலுக்கு வேண்டிய ஆட்களைத் தெரிந்துகொள்ள உதவும் ஏதாவது ஒன்றில் போடலாம் என்று பேசினோம். எதில் போடுவது என்பதில்தான் இரண்டு மாதமாக இழுபறி.

கோல்ஃப், பட்மிண்டன், ரோட்டரி அல்லது லயன்ஸ் போன்ற சேவைக் கழகம். இந்த மூன்றும் எங்கள் முன்னால் இருக்கின்றன. நான் கோல்ஃப் பக்கம். ஏன் என்பதையும், எந்த இடத்தில் மற்ற இரண்டும் அதைவிட நல்லவை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பண்டாரவளையிலும் பதுளையிலும் கண்டியிலும் இதே யோசனையோடு இருக்கும் பெண்களுக்கும் உதவலாம்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஹோட்டலின் ஊழியர் காப்புறுதிக்காக நாலு மாதம் அலைந்தேன். இரண்டு தடவை விலை போட்டுக் கொடுத்தேன். கேட்ட விபரம் எல்லாம் கேட்ட நாளிலேயே போனது. ஒரு திங்கட்கிழமை காலை தொலைபேசியில் பேசியபோது, "சொறி மிஸ், நேற்றே முடிஞ்சிட்டுது" என்றார்கள். முந்திய நாள் ஞாயிறு, இன்னொரு கம்பனிக்காரர் ஹோட்டல் முகாமையாளரோடு கோல்ஃப் ஆடியிருக்கிறார். நான்கு மணி நேரம் பக்கத்தில் நடந்திருக்கிறார். விலை என்னுடையதுதான் குறைவு என்று பிறகு தெரிந்தது. அன்று பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, ஜன்னல் வழியாக அந்தப் பச்சைப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டே போனேன். ஊருக்கு நடுவில், தினமும் தாண்டிப் போகும் இடம். அதற்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889இல் தொடங்கியது. கொழும்பில் 1879இலேயே ஒரு கழகம் வந்துவிட்டது. பத்து வருடம் கழித்து மலைக்கு வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகப் போட்ட பதினெட்டு குழித் திடல். கண்டிப் பக்கம் திகனையில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் உள்ள இன்னொரு பதினெட்டு குழித் திடல் 1990களின் கடைசியில்தான் வந்தது. மலைநாட்டில் கோல்ஃப் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு இடந்தான். தோட்ட முகாமையாளர், ஹோட்டல்காரர், வங்கிப் பெரியவர்கள், தேயிலை வாங்குகிறவர்கள், கொழும்பிலிருந்து ஏப்ரல் சீசனுக்கு வருகிறவர்கள் என்று ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப அங்கே சந்திக்கிறார்கள். கதவு சின்னது. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்.

பெண்களுக்கு அந்தக் கதவு எவ்வளவு மெதுவாகத் திறந்தது என்பதற்கு ஒரு வருடக் கணக்கு போதும். 1867இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் ஊரில் பெண்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கினார்கள். பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிவிடும் ஆட்டம் மட்டுந்தான் அவர்களுக்கு. தோளுக்கு மேல் கையை வீசி அடிப்பது பெண்ணுக்கு அழகில்லை என்று அந்தக் காலத்தில் எழுதியே வைத்தார்கள். அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டமாகப் பயிரிட்டார். எங்கள் பாட்டிமார் கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறிய வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. அவர்கள் கையை எவ்வளவு உயரம் தூக்கலாம் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. அதே சென் அன்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷன்ட் கழகம் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது 2014இல். அமெரிக்காவின் ஒகஸ்டா கழகம் 2012இல். நேற்று நடந்த மாதிரி. அதனால் "நமக்கு இது பழக்கமில்லை" என்று நாங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை, உலகத்துப் பெண்களில் பெரும்பாலானோருக்கும் பழக்கமில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். தொழில் உறவுக்கு கோல்ஃப் ஏன் இவ்வளவு பொருந்துகிறது? அதில் ஆடும் நேரம் மிகக் குறைவு. புதிதாக ஆடுகிற ஒருவர் பதினெட்டு குழிக்கு நூறு நூற்றிருபது தடவை அடிப்பார். ஒரு வீச்சுக்கு இரண்டு விநாடி என்று வைத்தால் எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம். மீதி மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் நடை, காத்திருப்பு, பேச்சு. நாலு பேர் ஒன்றாகப் போவார்கள், இடையில் எழுந்து போக முடியாது, தொலைபேசி பையில் கிடக்கும். ஒரு முகாமையாளரின் அறையில் எனக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதிலும் பாதி அவர் கையொப்பம் வைப்பதில் போய்விடும்.

இன்னொரு நல்ல விஷயம் ஹன்டிகப் முறை. கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவர்தான் வெல்வார்; ஹன்டிகப் என்பது அவரவர் திறமையைப் பார்த்து மொத்தத்திலிருந்து கழித்துவிடும் அடிகள். தெரியாதவரும் தெரிந்தவரும் ஒரே போட்டியில் நிற்க இது வழி செய்கிறது. 2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறை. ஆணோ பெண்ணோ, புதியவருக்கு அதிகபட்சம் 54 வரை கொடுக்கலாம். கணக்கு இப்படி: அனுபவமுள்ள முகாமையாளருக்கு ஹன்டிகப் 18 என்று வைப்போம், எனக்கு 54. அவர் 92 அடியில் முடிக்கிறார், கழித்தால் 74. நான் தட்டுத்தடுமாறி 127 அடியில் முடிக்கிறேன், கழித்தால் 73. நான் வென்றுவிட்டேன். பட்மிண்டனில் ஆறு மாதம் பழகிய ஒருத்தி பத்து வருட ஆட்டக்காரரை வெல்வது நடக்கிற காரியமா? ஹன்டிகப் எடுக்க மொத்தம் 54 குழி ஆடிய கணக்குக் கொடுத்தால் போதும். ஒன்பது ஒன்பதாக ஆறு தடவை ஆடியும் கொடுக்கலாம்.

இப்போது பட்மிண்டன். எங்கள் சங்கத்தில் அதற்குத்தான் ஆதரவு அதிகம், காரணமும் நியாயமானது. ஒரு மட்டையும் ஒரு சப்பாத்தும் இருந்தால் தொடங்கலாம். ஒரு மணி நேரத்தில் முடியும். உள்ளரங்கு என்பதால் ஜூன் ஜூலை தென்மேல் பருவமழையில் நுவரெலியா நாள் கணக்கில் நனைந்து கிடக்கும்போதும் ஆடலாம். அந்த மாதங்களில் கோல்ஃப் திடல் பல நாள் பனிமூட்டத்துக்குள் காணாமல் போய்விடும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஆடியதுதான், உடம்புக்கும் நல்லது. ஆனால் ஆடும்போது பேச முடியாது. மூச்சு வாங்கும். ஆட்டம் முடிந்ததும் வியர்த்த உடம்போடு எல்லாரும் வீட்டுக்கு ஓடுவார்கள். எட்டு மாதம் ஒரு அரங்கில் ஆடினேன். எதிர்ப்பக்கம் ஆடியவர் எங்கே வேலை செய்கிறார் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அவருடைய பேக்ஹேன்ட் அடி மட்டும் நன்றாகத் தெரியும்.

வலைப்பந்தாட்டத்தையும் ஒருத்தி முன்வைத்தாள். இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கம் கூடைக்குக் கீழே நின்று போட்ட போடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2018இலும் 2022இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது பெட்டிக் கடையிலெல்லாம் அதே பேச்சு. மனதுக்கு மிகப் பிடித்த ஆட்டம். ஆனால் இந்தத் தேவைக்குப் பொருந்தாது. அங்கே வரப்போவதும் எங்களைப் போன்ற பெண்கள்தான்; எங்களை நாங்களே சந்திக்க ஏற்கனவே சீட்டு இருக்கிறது.

சேவைக் கழகத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ரோட்டரி 1989இல் தன் சட்டத்தை மாற்றி உலகம் முழுக்கப் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. எங்கள் ஊர்க் கூட்டங்களில் தமிழிலும் பேசலாம், குடும்பத்தோடு போகலாம், வீட்டில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கண் சிகிச்சை முகாம், பாடசாலைக்குக் கொப்பி, தண்ணீர்த் தாங்கி என்று கையால் செய்த வேலை கண்முன் நிற்கும். எங்கள் இரண்டு ஆசிரியைகளுக்கும் இதுதான் சரி என்று நானே சொல்கிறேன். அவர்களுக்கு வேண்டியது பாடசாலைக்கு உதவி செய்யக்கூடிய ஆட்கள்; அந்த ஆட்கள் கழகத்தில் இருக்கிறார்கள். காப்புறுதி விற்கும் எனக்கோ, ஹோட்டல்களுக்கு விருந்தினர் அனுப்பியும் வாங்கியும் பிழைக்கும் விடுதிக்காரிக்கோ, தோட்டங்களுக்கு உரம் கொடுக்கப் பார்க்கும் அக்காவுக்கோ கழகக் கூட்டம் மெதுவான பாதை. அங்கே தொழில் பேச்சை எடுத்தால் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும் கூட.

கோல்ஃபுக்கு எதிராக எங்கள் பெண்கள் சொன்னவற்றில் பல உண்மை. நேரம் முதலாவது. ஞாயிறு காலை என்றால் துணி துவைக்கும் காலை, சந்தைக்குப் போகும் காலை, பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப்போகும் காலை. ஹட்டனிலிருந்து வருகிறவளுக்குப் பஸ்ஸிலேயே அரை நாள் போய்விடும். ஆண்கள் நாலு மணி நேரம் புல்லில் நடக்கும்போது அவர்கள் வீட்டில் யாரோ ஒருத்தி அடுப்படியில் நிற்கிறாள். எங்களுக்கு அப்படி நிற்க யாருமில்லை. அதனால் ஒன்பது குழி மட்டும் ஆடுவோம் என்கிறேன். இரண்டு மணி நேரம். ஏழரைக்குத் தொடங்கினால் பத்துக்குள் சந்தையில் நிற்கலாம்.

காசு இரண்டாவது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதை யாரும் மறக்கவில்லை. கோல்ஃப் மட்டை எல்லாம் வெளிநாட்டுச் சாமான். விதிப்படி ஒருவர் பதினான்கு மட்டை வரை வைத்திருக்கலாம், ஆனால் தொடங்குகிறவளுக்கு மூன்றோ நான்கோ போதும்: ஏழாம் நம்பர் இரும்பு மட்டை, பக்கத்திலிருந்து தூக்கி அடிக்கும் வெட்ஜ், குழிக்குத் தட்டும் பட்டர். பாவித்த மட்டைகளை இரண்டு செட் வாங்கி ஒன்பது பேரும் மாறி மாறிப் பாவிக்கலாம். வாங்கும்போது பெண்களுக்கென்று செய்த, தண்டு இலேசான மட்டையாகப் பார்க்க வேண்டும். கணவரோ அண்ணனோ பாவித்த கனமான மட்டையோடு தொடங்கினால் தோள்தான் வலிக்கும், பந்து நகராது. பல பெண்கள் இரண்டே வாரத்தில் விட்டுவிட இது ஒரு காரணம்.

உடுப்பு, கழிப்பறை. இவற்றைச் சபையில் பேசக் கூச்சப்பட்டு, கடைசியில் யாரும் போகாமலே இருந்துவிடுவோம். கொலர் வைத்த டீசேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போதும். பெரும்பாலான திடல்களில் ஜீன்ஸுக்கு இடமில்லை. உடுப்பு மாற்றும் அறை பெண்களுக்கு இருக்கிறதா, திடலின் நடுவில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று போகுமுன்பே தொலைபேசியில் கேட்டு வையுங்கள். கேட்கிற பெண்கள் கூடினால்தான் கழகங்களும் அதைக் கவனிக்கும். ஆட்டம் முடிந்ததும் பாரில் உட்கார வேண்டுமே என்று ஒருத்தி பயந்தாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டும் புள்ளி அட்டையில் கையொப்பம் வைக்கலாம்.

இவற்றையெல்லாம்விடக் கனமான ஒரு தயக்கம் இருக்கிறது. அதை விடுதிக்காரிதான் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நம்ம ஆளு ஒருத்தரு நம்ம பையத் தூக்கிக்கிட்டு பின்னால நடந்து வருவாரே, அத எப்படிப் பாக்கிறது?"

என் தாய்மாமா இருபத்திரண்டு வருடம் கேடியாக, அதாவது ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடப்பவராக, இருந்தவர். லயத்திலிருந்து விடியுமுன் நடந்து வந்து, துரைமாரின் பையைத் தோளில் போட்டு, பதினெட்டு குழியும் ஏறி இறங்கியவர். அந்தத் திடலில் புல் எந்த மாதம் எந்தப் பக்கம் சாயும், மழைக்கு அடுத்த நாள் எந்தச் சரிவில் பந்து நின்றுபோகும் என்று அவருக்கு அத்துப்படி. ஒரு முழுப் போட்டியிலும் அவர் பெயருக்கு ஒரு புள்ளி அட்டை எழுதப்பட்டதில்லை. விடுதிக்காரி கேட்டதை அவரிடமே கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "நீ தூக்கக் குடுக்காட்டி அவனுக்கு அன்னைக்குச் சம்பளம் இல்ல பாப்பா. காசச் சரியாக் குடு, அண்ணேன்னு கூப்பிடு, அவன் சொல்றதக் கேளு. அம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு எனக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரித் தெரிகிறது. திடலில் ஆங்கிலம் பேச வேண்டுமே என்று நடுங்கும் எங்களுக்கு, பக்கத்தில் தமிழில் வழி சொல்லும் ஒருவர் நிற்கிறார். எந்த மட்டை எடுப்பது, எங்கே நிற்பது, மற்றவர் அடிக்கும்போது நிழல் விழாமல் எப்படி ஒதுங்குவது என்று காதோரம் சொல்லித் தருகிறவர். எங்கள் அப்பாமாரும் மாமாமாரும் நூறு வருடமாக அறிந்துவைத்த திடலில் நாங்கள் அந்நியர் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மாமாவை வீட்டு வாசலுக்கு அழைத்து, சீமெந்துத் தரையில் பழைய சாக்கு விரித்துப் பழகினேன். மட்டை கிடைக்கவில்லை, குடையைத் திருப்பிப் பிடித்தேன். மரம் வெட்டுகிறவள் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன் போல. விரலை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டார். "கோழிக்குஞ்சு புடிக்கிற மாதிரி புடி. பறக்கவும் கூடாது, சாகவும் கூடாது." இடது கைக் கட்டைவிரலை வலது உள்ளங்கை மூடியதும் இரண்டு கையும் ஒரே கையாகிவிட்டன. எலுமிச்சங்காய் ஒன்றைத் தட்டினேன். முருங்கை மரத்தைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தது. பத்து வயதில் கிட்டிப்புள் அடித்த அதே சந்தோசம்.

இனி, கோல்ஃப் என்று முடிவானால் எந்த வழியில் போவது? தனியாக உறுப்புரிமை வாங்குவது எங்கள் வசதிக்கு இப்போதைக்குச் சரிவராது. ஆட்டம் பிடிக்குமா என்று தெரியாமல் பெரிய தொகையைக் கட்டுவது விளைச்சல் பார்க்காமல் தோட்டம் வாங்குவது போலத்தான். கம்பனியிடம் கேட்பது இரண்டாவது வழி, இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஆண் முகாமையாளருக்கு விளையாட்டுக் கழகக் கட்டணம் கொடுக்கும் நிறுவனம், அதே தரத்திலுள்ள பெண்ணுக்கும் கொடுக்கத்தானே வேண்டும்? வாயால் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். எழுத்தில் கேளுங்கள், எத்தனை வாடிக்கையாளர் அந்தத் திடலில் ஆடுகிறார்கள் என்று பெயரோடு எழுதுங்கள்.

மூன்றாவது வழி குழுவாகப் பழகுவது. என் வாக்கு இதற்கே. நாலு ஞாயிறு ஒரு பயிற்றுநரை வைத்து, பயிற்சித் திடலிலும் குழி தட்டும் பசும்புல்லிலும் மட்டும் பழகுவோம். முழுத் திடலுக்கு அவசரமில்லை. பிறகு நாலு பேர் சேர்ந்து ஆடும் ஸ்கிரம்பிள் முறையில் தொடங்கலாம்: நாலு பேரும் அடிப்பார்கள், எந்தப் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ அந்த இடத்திலிருந்து நாலு பேரும் அடுத்த அடியை அடிப்பார்கள். உங்கள் பந்து பற்றைக்குள் போனாலும் யாரும் உங்களுக்காகக் காத்து நிற்பதில்லை. பெண்கள் வராமல் போக முதல் காரணம் "எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்ற பயம்; அந்தப் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நான் காணவில்லை. குழிக்குக் கிட்டவாக வைத்திருக்கும் சிவப்புக் குறியிலிருந்து தொடங்கினால் தூரமும் குறையும். அதோடு கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. நுவரெலியாவில் பந்து கொழும்பைவிடக் கொஞ்சம் கூடத்தான் பறக்கும்.

ஒரு எச்சரிக்கை. பெண்களாகவே ஆடிக்கொண்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது. பழகும்வரை நாங்கள் நாங்களாக இருக்கலாம், ஆறு மாதத்துக்குள் தெரிந்த உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக, ஆண்களும் ஆடும் நாலு பேர்க் குழுவில் ஒருத்தியாவது போக வேண்டும். முதல் நாளே விலைப்பட்டியலை நீட்ட வேண்டாம். பதினெட்டு குழியும் மலையைப் பற்றி, மழையைப் பற்றி, பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினாலும் போதும். அடுத்த திங்கள் தொலைபேசி எடுக்கும்போது "யார் பேசுறது?" என்று கேட்க மாட்டார்கள்.

ஆகவே சீட்டுக் கூட்டத்தில் நான் வைக்கப்போவது இது. ஆசிரியைகள் இருவரும் சேவைக் கழகத்துக்குப் போகட்டும், சந்தாவை எங்கள் பங்கிலிருந்தே கட்டலாம். மழை மாதங்களில் புதன் பின்னேரம் எல்லாருக்கும் பட்மிண்டன், உடம்பு கட்டாக இருக்கட்டும். மீதிக் காசில் இரண்டு பாவித்த செட்டும் நாலு ஞாயிற்றுப் பயிற்சியும், ஏழு பேருக்கு. ஜனவரியில் தொடங்கினால் மூன்று மாதம் மழை குறைவு, ஏப்ரல் சீசனுக்கு முன் பந்தை நேரே அடிக்கப் பழகியிருப்போம். ஆனால் அந்த மாதங்களில் விடிகாலையில் புல்லில் உறைபனி கிடக்கும், ஏழரைக்கு முடியாது, எட்டரைக்குமேல்தான் தொடங்கலாம் என்று மாமா சொல்கிறார். நாலு ஞாயிறும் தானே வருவதாகவும் சொல்லியிருக்கிறார். பயிற்றுநர் சொல்வதை எங்கள் பாஷையில் திருப்பிச் சொல்ல ஆள் வேண்டுமாம். இந்த முறை அவர் பை தூக்கப் போவதில்லை. அவருக்கும் ஒரு புள்ளி அட்டை கேட்டு வாங்க வேண்டும்.